கோயிலைப் பெரிசாக்கும் முன்னால் பத்துக் குடும்பத்தை அனுப்புங்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு உட்கார இடம் பற்றாமல் போனால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். சேகரக் கமிட்டியில் (ஒரு குருவானவருக்குக் கீழே வருகிற சபைகளின் நிர்வாகக் குழு) ஒருவர் பேச்சை ஆரம்பிப்பார், இஞ்சினியர் ஒருவர் (அவரும் சபையார்தான்) பிளான் போட்டுக்கொண்டு வருவார், பக்கத்து ஊர்க் கோபுரத்தை விட நாலு அடியாவது கூட வர வேண்டும் என்று யாரோ விளையாட்டாகச் சொல்வது போலச் சொல்வார், தீர்மானப் புத்தகத்தில் எழுதாமலே அது தீர்மானமாகிவிடும். மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி, அதை யாரும் தொட முடியாது, அதனால் போட்டி எல்லாம் அதற்குக் கீழேதான். அப்புறம் நாலைந்து வருஷத்துக்கு அந்தச் சபையின் ஜெபம், காணிக்கை, சண்டை எல்லாமே சிமெண்டும் கம்பியும்தான்.

நான் கேட்பது இதுதான். நிறைந்து வழிகிற அந்தக் கூட்டத்திலிருந்து பத்துக் குடும்பத்தை, அதுவும் நல்ல குடும்பமாகப் பார்த்து, சபையே கை வைத்து ஜெபித்து, கோயில் இல்லாத ஒரு பகுதிக்கு அனுப்பி அங்கே ஒரு புதுச் சபையை ஆரம்பிக்கச் சொன்னால் என்ன?

இதைச் சொன்ன உடனே வருகிற முதல் பதில், "நாமதான் மிஷனரிகளைத் தாங்குறோமே" என்பது. உண்மைதான், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் நம் ஊர் ஆட்கள். வெள்ளைக்காரன் பணம் வேண்டாம், நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று முடிவெடுத்து, நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல் பகுதிக்குப் போனார்கள். அங்கே பேசுவது தெலுங்கு, நம்மவர்களுக்கு ஒரு அட்சரம் தெரியாது. சங்கத்தின் ஸ்தாபகர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளாளன்விளையில் குருவானவர் வீட்டில் பிறந்தவர், ஒய்.எம்.சி.ஏ.வில் பெரிய பொறுப்பில் இருந்தவர், வெளிநாட்டு மாநாடுகளில் பேசுகிறவர். 1909-இல் அதை விட்டுவிட்டு அவரே தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தார். 1912-இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார் என்பதைத்தான் நாம் மேடையில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பேராயர் ஆவதற்கு முன் அவர் ஊரை விட்டுப் போனார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

அன்று அனுப்பியது ஆளை. இன்று நம்மில் பெரும்பாலானவர்கள் அனுப்புவது கவரை. மிஷனரி ஞாயிறு வரும், படம் போட்ட கவர் கொடுப்பார்கள், வடநாட்டிலிருந்து வந்த ஒரு மிஷனரி சாட்சி சொல்வார், அவர் பிள்ளைகள் ஹாஸ்டலில் படிப்பதைக் கேட்டு நமக்குக் கண் கலங்கும், கவரில் போட நினைத்ததை விட ஒரு நூறு ரூபாய் கூடப் போடுவோம். மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவோம். என் அம்மா உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி எடுத்து அடுப்படியில் இருக்கிற பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார், மாசக் கடைசியில் அந்தக் கைப்பிடி அரிசி கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்து முருங்கைக்காய்க் கட்டும் நாட்டுக்கோழி முட்டையும் ஏலம் போகும்போது அந்த அரிசியும் போகும், கோயிலில் கணக்குப் பிள்ளையாக இருக்கிற மாமா சத்தமாக மூன்று தரம் சொல்லி முடிப்பார். அந்தப் பிடி அரிசியில்தான் எத்தனையோ மிஷனரிகள் சாப்பிட்டார்கள். அது நிற்கக் கூடாது. ஆனால் அரிசி கொடுத்தாயிற்று, அதனால் நான் போக வேண்டியதில்லை என்று ஒரு கணக்கு நம் மனசுக்குள் எப்படியோ ஏறிவிட்டது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பைபிளில் அப்போஸ்தலர் 13-ஆம் அதிகாரத்தை ஒரு தரம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். அந்தியோகியா சபையில் இருந்த தீர்க்கதரிசிகள், போதகர்கள் என்று ஐந்து பேரைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது: பர்னபா, நீகர் என்னப்பட்ட சிமியோன், சிரேனே ஊரான் லூகி, ஏரோதோடு வளர்ந்த மனாயீன், சவுல் (பின்னால் பவுல்). இந்த ஐந்தில் பரிசுத்த ஆவியானவர் கேட்டது முதல் பெயரையும் கடைசிப் பெயரையும். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? பர்னபா பெரியவர், அவர் இங்கே இருக்கட்டும், சவுல் பிரசங்கம் பண்ணினால்தான் கூட்டம் வருகிறது, அவரையும் தொட வேண்டாம், வேலை கிடைக்காமல் சும்மா இருக்கிற ரெண்டு வாலிபர்களை அனுப்புவோம் என்றுதான் தீர்மானம் போட்டிருப்போம். அந்தியோகியா உபவாசம் இருந்து ஜெபித்து, கை வைத்து, அந்த இரண்டு பேரையுமே அனுப்பிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த அந்தியோகியா சபையை ஆரம்பித்தவர்கள் யார் என்று 11-ஆம் அதிகாரத்தில் பார்த்தால் பெயரே இல்லை. சீப்புரு தீவாரும் சிரேனே பட்டணத்தாரும் என்று மட்டும் இருக்கிறது. ஸ்தேவானைக் கொன்ற பிறகு வந்த உபத்திரவத்தில் சிதறி ஓடினவர்கள், கிரேக்கரிடமும் போய்ப் பேசினார்கள், சபை உண்டாகிவிட்டது. குருப்பட்டமோ, யாரும் கொடுத்த உத்தரவோ அவர்களிடம் இல்லை. ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் கதையும் அப்படித்தானே? கூடாரம் தைக்கிற புருஷனும் பெஞ்சாதியும். ரோமாபுரியிலிருந்து கொரிந்து, கொரிந்திலிருந்து எபேசு என்று வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள், குடியிருந்த வீட்டில் சபை கூடியது. இன்றைக்கு டிரான்ஸ்ஃபரில் போகிற பேங்க் ஊழியர்களுக்கும் டீச்சர்களுக்கும் இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

நம் சொந்தக் கதையும் வேறு மாதிரி இல்லை. பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் என்ற பிராமண விதவை 1778-இல் ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780-இல் சபைப் பதிவேட்டில் இருந்தது 40 பேர். 1785-இல் அந்த அம்மாள் முயற்சியில் ஒரு சின்னக் கோயில் எழும்பியது, பாப்பாத்தியம்மாள் கோயில் என்று இன்றும் சொல்கிறோம். மேய்ப்பதற்கு ஆள் வேண்டும் என்றபோது தஞ்சாவூரிலிருந்து ஷ்வார்ட்ஸ் அனுப்பியது சத்தியநாதனை. அவரிடம் இருந்த உபதேசிமாரில் (குருப்பட்டம் இல்லாத ஊழியர்கள்) சிறந்தவர், 1790-இல் குருப்பட்டமும் கொடுக்கப்பட்டவர். தஞ்சாவூர்ச் சபை "எங்களுக்கே ஆள் இல்லை" என்று சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் நியாயமாகவும் இருந்திருக்கும். அப்புறம் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், 1799-இல் அவர் உண்டாக்கிய முதலூர். உபத்திரவத்தினால் ஊர் விட்டு ஊர் வந்த சில குடும்பங்கள்தான் அந்த ஊர். (இன்று முதலூர் என்றாலே மஸ்கோத் அல்வாதான் ஞாபகத்துக்கு வருகிறது. அல்வா நல்லதுதான், குறை சொல்லவில்லை.)

அப்படியானால் முன்னோர்கள் பெரிய கோயிலே கட்டவில்லையா என்று கேட்கலாம். கட்டினார்கள். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826-இல் பாளையங்கோட்டை ஊசிக் கோபுரக் கோயிலைப் பிரதிஷ்டை பண்ணினார். கூடவே உபதேசிமாருக்குப் பயிற்சி கொடுத்துக் கிராமம் கிராமமாக அனுப்பிக்கொண்டும் இருந்தார். கால்டுவெல்லுக்கு இடையன்குடிக் கோயிலைக் கட்டி முடிக்க 1847-லிருந்து 1880 வரை ஆனது, அதற்குள் சுற்று வட்டாரத்தில் சபைகள் பெருகிவிட்டன. கோயில் முடியட்டும், அப்புறம் ஊழியத்தைப் பார்ப்போம் என்று அவர்கள் யாரும் காத்திருக்கவில்லை.

சரி, இப்போது எங்கே அனுப்புவது? தோர்ணக்கல் வரை போக வேண்டாம். கே.டி.சி நகர் தாண்டி, ரெட்டியார்பட்டிப் பக்கம், வி.எம். சத்திரத்துக்கு அந்தப் புறம் எல்லாம் பாருங்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது உடங்காடாகக் கிடந்த இடம், இன்றைக்கு பிளாட் கல் ஊன்றி, ஆர்ச் வைத்து, "நகர்" என்று பெயர் வைத்து, லோன் போட்டு வீடு கட்டிக் குடி வந்துவிட்டார்கள். அதில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் ஏறி டவுனில் இருக்கிற பெரிய கோயிலுக்கோ சொந்த ஊர்க் கோயிலுக்கோ போய்விட்டு வந்து கேட்டைப் பூட்டிக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது.

அந்த மாதிரி ஒரு நகரில் சொந்தக்காரர் வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஹாலில் பாய் விரித்து, சுவரோரம் நீலக் கலர் பிளாஸ்டிக் சேர், ஒரு பிள்ளை ஸ்டூல் மேல் கீபோர்டு வைத்து வாசித்தது, பாட்டு நடுவில் அடுப்படியில் குக்கர் விசிலும் சேர்ந்துகொண்டது. எதிர் வீட்டு அம்மா, இந்துக்கள்தான், கதவோரம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முடியும்போது, மகளுக்கு இது மாசம், எல்லாரும் சாமிகிட்ட கேளுங்க என்றார். ஜெபித்தோம். காப்பி குடிக்கும்போது என் அத்தை அவரிடம், "நீங்க பெரிய கோயிலுக்கு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். "அவ்ளோ பெரிய கோயிலுக்குள்ள எங்க உக்காரணும்னே தெரியாதேக்கா" என்று சிரித்தார். நாலாயிரம் சதுர அடியைக் கூட்டிக் கட்டினால் இந்த அம்மாவுக்கு இன்னும் நாலாயிரம் சதுர அடி அந்நியமாகத்தான் இருக்கும்.

கிராமத்துச் சபைகளின் நிலைமை வேறு. அங்கே ஆளே இல்லை, எல்லாப் பிள்ளைகளும் சென்னை, பெங்களூரு, திருப்பூர், துபாய். வருஷத்துக்கு ஒரு தரம் அசன பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் கார் கார் ஆக வந்து இறங்குவார்கள், பந்தியில் உட்கார்ந்து சோறும் கறியும் சாப்பிட்டுவிட்டு, ஊருக்கு வரியைக் கட்டிவிட்டு, ராத்திரி பஸ் பிடித்துவிடுவார்கள். இவர்களை நாம் "போய்விட்டார்கள்" என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம். போகத்தானே போகிறார்கள், நாமாக அனுப்பியிருக்கலாமே! பெங்களூரில் வேலை கிடைத்த ஒரு பையனை ஞாயிறு ஆராதனையில் முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, நீ போகிற அந்த ஊரில் உன் பி.ஜி.யில் நாலு பேரைக் கூட்டி ஜெபம் பண்ணு, நாங்கள் மாசாமாசம் உன்னைக் கேட்போம் என்று சொல்லிக் கை வைத்து அனுப்புகிற சபையை நான் பார்த்ததில்லை. பிரிவு உபசார விழாவில் மோதிரம் போட்டு அனுப்புகிற சபைகளைப் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்தில் புதுச் சபையே முளைப்பதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நிறைய முளைக்கிறது. எப்படி முளைக்கிறது என்பதுதான் பிரச்சினை. கமிட்டி எலெக்‌ஷனில் தோற்ற அணி, பாடகர் குழுவில் கோபித்துக்கொண்டவர்கள், குருவானவரோடு பேச்சு வார்த்தை இல்லாதவர்கள், இவர்கள் சேர்ந்து எதிர்த் தெருவில் ஒரு ஷெட் போடுவார்கள். பழைய வழக்கம்தான் இது. நாசரேத் பக்கம் பிரகாசபுரத்தில் 1857-இல் சட்டம்பிள்ளை ஆங்கிலிக்கன் சபையை விட்டுத் தனிச் சபை கண்டது மிஷனரிகளோடு வந்த மனஸ்தாபத்தில்தான், அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பது என் அபிப்பிராயம். ஆனால் கோபத்தில் பிறந்த சபை தன் கோபத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சுறுசுறுப்பான ஆட்களுக்குப் பழைய சபையில் வேலை இல்லாமல் போவதும் இந்தச் சண்டைகளுக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரு கோயிலில் எத்தனை பேர் செக்ரட்டரியாக இருக்க முடியும்?

இனி சாதி. இதைத் தொடாமல் திருநெல்வேலிச் சபையைப் பற்றி எழுதினால் அது பாதிப் பேச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பெரும்பாலும் தனி ஆட்களாக யாரும் வரவில்லை, குடும்பம் குடும்பமாக, தெருத் தெருவாக வந்தார்கள். அதனால் ஊர் எதுவோ, தெரு எதுவோ, சபையும் அதுவாகவே ஆகிவிட்டது. அன்று அது ஒரு பாதுகாப்பு, தனியாக வந்தவனை ஊர் உயிரோடு விட்டிருக்காது. இன்று அதே ஏற்பாடுதான் கல்லறைத் தோட்டத்திலும், பேராயருக்குக் கீழே வருகிற சபைகள் எல்லாம் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தலிலும் வந்து நிற்கிறது, பெயர்கள் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். இருக்கிற சபைக்குள் இருந்துகொண்டு இதை மாற்றப் பார்த்தவர்கள் களைத்துப் போனதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் புது நகரில் நாலாம் பிளாட்டுக்காரரும் ஐந்தாம் பிளாட்டுக்காரரும் ஒரே சாதியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை (புரோக்கர் கேட்பார் என்பது வேறு விஷயம்). அங்கே ஆரம்பிக்கிற சபைக்குப் பழைய தெரு கிடையாது, பழைய பந்தி வரிசை கிடையாது. அசரியா தோர்ணக்கல்லில் போய்ச் சேர்ந்தது மாலா, மாதிகா என்ற தலித் மக்களிடம். ஊரில் இருந்திருந்தால் அவருக்கு அந்தச் சபை கிடைத்திருக்காது. ஞானஸ்நானம் எடுப்பவர்களைத் தங்கள் தலையில் கை வைத்து, நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லவைப்பாராம். மண்ணில் வேலை செய்கிற கூலி ஜனங்களிடம் அவர் அதை எதிர்பார்த்தார். எம்.காம் படித்த நம்மிடம் எதிர்பார்ப்பதற்கு நமக்கே கூச்சமாக இருக்கிறது.

அதனால்தான் பத்துக் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மாமன் மச்சானாகப் பார்த்து அனுப்பினால் எல்லாம் வீண் என்கிறேன். அது புதுச் சபை ஆகாது, பழைய ஊரின் பிராஞ்ச் ஆபீஸ்தான் ஆகும்.

எங்கள் கோயிலில் ஒரு மூத்தவர் இருக்கிறார், எனக்கு அண்ணாச்சி. அவரிடம் இதைப் பேசியபோது, "இருக்கிற நாலு நல்ல ஆளையும் அனுப்பிட்டா இங்க யாரு தம்பி பாடுவா? சண்டே ஸ்கூல யாரு பாப்பா?" என்றார். நியாயமான கேள்வி. தாமிரபரணித் தண்ணீரில் வயல் வைத்திருக்கிற அண்ணாச்சிக்கு நான் நாற்றங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொன்னேன். நாற்று நல்லா பச்சைப்பசேல்னு நிக்குதேன்னு பிடுங்கி நடாமலே விட்டா என்ன ஆகும் அண்ணாச்சி? "முத்திப் போகும்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆனா சோப்ரானோவுக்கு ஆள் வேணும்லா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது: இருபது வருஷமாக ஒரே நாலு பேர் பாடுகிற பாடகர் குழுவில் பின் வரிசையில் நின்று வாயசைக்கிற பிள்ளைகளுக்கு அப்போதுதான் பாட வாய்ப்பு வரும். சண்டே ஸ்கூலுக்கும் அதே கதைதான்.

நடைமுறையில் இது ஒன்றும் புதிய ஏற்பாடு இல்லை. ஒரு சேகரத்தில் ஒரு குருவானவர், அவருக்குக் கீழே பல சபைகள், சபைக்கு ஒரு ஊழியர், மாசத்துக்கு ஒரு தரம் திருவிருந்து. பனை ஓலைக் கூரைக்குக் கீழே ஆரம்பித்த சபைகளுக்காக உண்டான இந்த ஏற்பாட்டைப் பிளாட் போட்ட நகருக்கும் கொண்டுபோவதுதான். குருவானவரிடமும் திருமண்டலத்திடமும் முதலிலேயே பேசிவிட வேண்டும், எல்லைத் தகராறு நம் இரத்தத்திலேயே இருக்கிறது. வாடகை வீடு போதும். இடம் வாங்கி ஜெபாலயம் என்று போர்டு போட அவசரப்பட்டால் கலெக்டர் அனுமதி, அக்கம்பக்கத்து ஆட்சேபணை என்று முதல் மூன்று வருஷமும் தாலுகா ஆபீஸ் வாசலில் போய்விடும். மைக் செட் வேண்டவே வேண்டாம். எதிர் வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை இருக்கும்போது நாம் குழாய் ரேடியோ கட்டி அல்லேலூயா போட்டால், அந்தத் தெருவில் அதன் பிறகு நாம் என்ன சொன்னாலும் யார் காதிலும் ஏறாது. போன குடும்பங்களின் காணிக்கை புதுச் சபைக்கே போகட்டும் என்று தாய்ச் சபை எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இதில்தான் கமிட்டியில் முதல் முகச்சுளிப்பு வரும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

ரெண்டு மூன்று வருஷம் பார்த்துவிட்டுச் சரிப்பட்டு வரவில்லை என்றால்? சில இடங்களில் வராதுதான். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார், ஒருவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகும், ஒரு குடும்பம் மனசு விட்டுப் போகும். அப்படித் திரும்பி வருகிறவர்களைத் தோற்றுப் போனவர்கள் மாதிரிப் பார்க்காமல் பழைய இடத்தில் உட்கார வைத்து, அடுத்த தரம் எந்த நகருக்குப் போகலாம், யார் யார் போகலாம் என்று அவர்களையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும். என்னென்ன தப்பு வரும் என்று சபையில் அவர்களுக்குத்தான் தெரியும்.